பகல் வெள்ளியைப் பலூன் என்று நம்பியவனுக்கு

சூசை,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஓடிப்போனவர்கள் யாரும் இளைத்துப்போய் நான் பார்த்ததில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று, "பூனாவுலருந்து மகன் எழுதியிருக்காரு. கலியாணம் கிட்ட வருதுல்லா, மாப்பிள்ளைக்கு அவசரம் போல" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுதியிருப்பாய் என நினைத்தேன். நீயோ கலியாணமே வேண்டாம், மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். செதில் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூனை வந்து மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. விரட்டக்கூடத் தோன்றவில்லை.

ஓலை என்றால் என்னவென்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் எழுந்து நின்று வாசிக்கிறார். இரண்டு வாசித்தாகிவிட்டது. இரண்டுக்கும் நீ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் காது சிவந்ததைப் பார்த்துப் பாட்டுக்காரப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். மூன்றாவதைச் சாமியார் ஒத்தி வைத்ததுகூடச் செசிலியின் அண்ணன் கஸ்பார் ஓட்டிப்போன தோணி காணாமல் போனதால்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் நிறுத்து என்கிறாய். இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை அடுத்து யார் கேட்டு வருவார்கள்? தடை என்னவாம், தடை என்னவாம் என்று ஊர் வாயில் போட்டு மெல்லும். உன்னை ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பூனாவில் பெரிய ஆபீஸில் படிக்கிறான், மனசு மாறியிருக்கும் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கலியாணம் கிடையாது, அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தேதி பார்த்ததே நீதான்.

காரணம் என்ன எழுதியிருக்கிறாய் என்று இன்னொரு முறை வாசித்துப் பார்த்தேன். என் கண்ணையே நான் நம்ப முடியாதபோது என்னை நம்பி ஒரு பெண்ணை எப்படி வரச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. யாரப்பா உன் கண்ணை நம்பி வருகிறார்கள்? வானத்தில் மிளகு மாதிரிப் போகிற ஆபீஸ் பலூனைப் பிடிக்கிற உன் கண்ணுக்கு, எதிரே இருக்கிற உப்பு ஜாடி இதுவரை தெரிந்ததில்லை. தோளில் கிடக்கிற துண்டை வீடு முழுக்கத் தேடுவாய். செசிலிக்கு இதெல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சம்மதித்தாள். கண் நல்ல கண்ணா என்று அவள் கேட்கவே இல்லை.

நீ மறந்துவிட்டாய் போலிருப்பதால் பழையதைக் கொஞ்சம் எழுதுகிறேன். உன் அப்பா காலமெல்லாம் தோணி ஓட்டியவர். கொழும்புக்கும் நம் துறைமுகத்துக்கும் போய் வந்துகொண்டே இருந்தார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் கரையில் குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் காய்ச்சலாக வந்து அவரைக் கொண்டுபோனது. அதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது? கிணற்றையா? அவர் போன பிறகு உன்னையும் தோணியில் ஏற்றிப் பார்த்தோம். கரையிலிருந்தே தெரிகிற முயல் தீவைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. தோணி ஓட்டுகிற தண்டலின் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவே சிரித்தது. மிக்கேல் மாமா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டு, "தங்கச்சி, இவன் கடலுக்கு ஆவ மாட்டான். கெடுத்துப்புடாத, படிக்க வையி" என்றார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதற்கு அவர் இன்றுவரை உடன்பிறந்தவராகவே நடந்துகொள்கிறார். அந்த மிக்கேல் தண்டலின் மகள்தான் செசிலி. அவர் மகன்தான் கஸ்பார். அந்த வீட்டைத்தான் நீ தெருக்கோடியில் எவர் வீடோ என்பது போல ஒரு கடிதத்தில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

படித்தாய். யுத்தம் வந்ததும் விமானங்களுக்காக மேல்காற்று பார்க்க வேண்டும் என்று கடற்கரைச் சாலையில் ஒரு மச்சு வீட்டைப் பிடித்து ஆபீஸ் போட்டார்கள். பலூன் ஆபீஸ் என்று ஊர் பெயர் வைத்தது. யுத்தம் முடிந்தும் அதை மூடவில்லை. உனக்கு அங்கே வேலை கிடைத்த நாளிலிருந்து நம் வீட்டில் வேறு பேச்சுக் கிடையாது. பலூனில் வாயு அடைத்து விட்டால் அது ஒரே வேகத்தில் ஏறும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நகரும், தொலைநோக்குக் குழாயில் கண்ணை வைத்து அதன் பின்னாலேயே போய், மணி அடிக்கும்போதெல்லாம் அது எந்தத் திசையில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும், அதிலிருந்து எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று கணக்குப் போட்டுத் தந்தி கொடுக்க வேண்டும். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கண்ணை எடுத்தால் போச்சும்மா, இவ்வளவு பெரிய வானத்தில் மறுபடி எங்கே பிடிக்க என்பாய். சோறு ஆறுகிறது, அதையும் கொஞ்சம் பிடி என்பேன்.

குழாயின் திசையைச் சரிபார்க்க முயல் தீவுக் கலங்கரை விளக்கைக் குறிவைப்பாய் அல்லவா? ஒருநாள் செசிலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமி, ஒங்க மகனுக்கு வெளக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாதா? நான் எங்கன நடந்தாலும் அந்தக் குழாயி என் பக்கமா திரும்புது" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ அந்த மச்சு வீட்டப் பாத்துக்கிட்டே நடந்தாத்தானளா அது திரும்புறது ஒனக்குத் தெரியும்?" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஓடியே போய்விட்டாள். நான் மறுவாரமே மிக்கேல் வீட்டுக்குப் பலகாரத்தோடு போனேன். இப்படி ஆரம்பித்த கலியாணம் இது. நான் கட்டாயப்படுத்தினேனா? சொல்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். நீ அதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த மாதிரி. அன்று வானம் அலம்பிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. உன்னோடு இருந்து எழுதுகிற ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. நீயே குழாயில் பார்த்து, நீயே தலையை எடுத்து எழுதி, மறுபடி நீயே குனிந்து பார்த்திருக்கிறாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உன் கால் தரையில் பாவவில்லை. "அம்மா, இன்னைக்கு மாதிரி பலூன நான் பிடிச்சதே இல்ல. எம்புட்டு ஒசரம் போயும் கண்ண விட்டு மறையல" என்றாய். ரெண்டு கரண்டி சோறு கூடுதலாகவே போட்டுக்கொண்டாய். அப்போதுதான் கஸ்பார் வந்தான். தோணியில் வெங்காய மூட்டை ஏற்றியாகிவிட்டது, விடிந்தால் பாய் விரிக்க வேண்டும். வாசலில் நின்றபடியே, "மாப்ள, மேல காத்து எப்படிலே இருக்கு?" என்று கேட்டான். "மேலயும் கீழயும் ஒரே வாடை மச்சான். சீரா அடிக்கு. பாய விரிச்சிக்கிட்டுத் தூங்கிட்டே போகலாம்" என்றாய் நீ. வடகிழக்கிலிருந்து வருகிற வாடை கொழும்புத் தோணிக்குப் பிடித்த காற்று. அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் பலூன் விட்டபோது, நேற்றுப் பலூன் கடைசியில் நின்ற அதே திசையில், அதே உயரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்றைய பலூனோ வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால், பகலிலேயே தெரிகிற வெள்ளி நட்சத்திரம். நேற்று எழுதுவதற்காகக் கண்ணை எடுத்தபோது பலூனை விட்டிருக்கிறாய். திரும்பக் குனிந்தபோது அகப்பட்ட வெள்ளியைப் பலூன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாய். அது எங்கே போகும்? கிடந்த இடத்திலேயே கிடந்தது. பலூன் ஏறிக்கொண்டே இருப்பதாக வைத்து நீ போட்ட கணக்கில் அது சீரான வாடையாக வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையில் மேலே வேறு காற்று வந்துவிட்டிருந்தது. இது தெரிந்ததும் நீ செருப்புக்கூடப் போடாமல் துறைமுகத்துக்கு ஓடினாய். தோணி காலையிலேயே போய்விட்டது. நீயாகவே ஆபீசரிடம் போய் நடந்ததைச் சொன்னாய், திருத்தித் தந்தி கொடுக்க வைத்தாய். அதை நான் குறை சொல்லவே இல்லை. மறைத்திருந்தால்தான் நான் தெருவில் தலைகுனிந்து நடந்திருப்பேன். அன்று சாயங்காலம் சென்னையிலிருந்தே புயல் தந்தி வந்து துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பலூன் விட்டுப் பார்க்கிற அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. உனக்கு மட்டும் முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டுமாம். இதை நீ சென்னைக்கும் எழுதிக் கேட்டிருக்கலாம்.

காற்றும் மழையும் வந்து ஓய்ந்தன. தோணி கொழும்பில் சேரவில்லை என்று தந்தி வந்தது. நீ கடலுக்குள் நீண்டிருக்கிற துறைமுகப் பாலத்து நுனியில் போய் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். சோறு கொண்டுவந்தால் தொடவில்லை. வெயிலில் முகம் கருத்துப்போய்க் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு பக்கம் கஸ்பாரைப் பற்றிய கவலை, இன்னொரு பக்கம் நீ தண்ணீரில் குதித்துவிடுவாயோ என்று பயம். மாதா கோவிலில் மெழுகுதிரி வைத்துவிட்டு வந்து உன்னைப் பார்ப்பேன், உன்னைப் பார்த்துவிட்டு மறுபடி கோவிலுக்குப் போவேன். பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று பாய்மரத்தை முறித்துத் தோணியைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இலங்கையில் கற்பிட்டிக் கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். மூட்டைகள் கடலோடு போய்விட்டன. கஸ்பாருக்குக் கை முறிந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. கோவில் மணி அடித்தார்கள். தெருவில் முன்பின் பேசாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நீ என்ன செய்தாய்? வீட்டுக்கு வந்தாய். குளித்தாய். ட்ரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினாய். கலியாணம் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று மறுத்திருந்த பூனாப் பயிற்சிக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். ஏலே, ஆள் செத்துப்போனால் ஓடுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். உயிரோடு வருகிறான் என்று தெரிந்ததும் ஓடுகிறவனை உன்னில்தான் பார்த்தேன். கஸ்பார் வரட்டும், அவனைப் பார்த்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்தேன். "எந்த மொகத்த வச்சிக்கிட்டும்மா பாக்க?" என்றாய். இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டுதான். வேறு முகத்துக்கு எங்கே போவது? ரயிலடிக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் எல்லோர் எதிரிலும் உன்னை அடித்திருப்பேன்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். உன் ஆபீசர் வீட்டுக்கே வந்தார். பெரிய மனுஷர், நாற்காலி இல்லாததால் பெட்டிமேல் உட்கார்ந்தார். "அம்மா, குழாயில கண்ணு வைக்கிற எல்லாருக்கும் ஒரு தடவ அந்த வெள்ளி மாட்டும். நானும் படிக்கிற காலத்துல அதத் தொரத்தியிருக்கேன். பையன் தானா வந்து சொன்னான் பாருங்க, அது போதும் எனக்கு" என்றார். இதை உன்னிடம் அவர் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார். உன் காதில் ஏறியிருக்காது.

மிக்கேல் மாமா கோபப்பட்டார். அதை நான் மறைக்க மாட்டேன். கஸ்பார் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய அன்று, நம் வாசல் முன்னால் நின்று, "பலூனு விட்டுப் பாத்தானாம் பலூனு!" என்று கத்தினார். நான் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவர் பிள்ளை, அவர் கத்தாமல் யார் கத்துவார்கள் என்று நின்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவரே ஒரு சீலா மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வைக்காத. பய எப்ப வாரான்?" என்றார். இவ்வளவுதான் அவர் கோபம். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. உனக்கு நீயே போட்டுக்கொண்ட தண்டனை மட்டும் இன்னும் முடியவில்லை.

கஸ்பாரிடம் நானே கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் சொல்லித்தான் நான் போனேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கானா? நல்லாருக்கே! மூட்டைய ஏத்தியாச்சு, வெங்காயம் அழுவிக்கிட்டு இருக்கு. போகாதன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அந்தப் பக்கமா வந்தோமேன்னு ஒரு வார்த்த கேட்டேன். டீக்கடையிலயுந்தான் கேட்டேன்" என்றான். என்னைச் சமாதானப்படுத்தப் பேசுகிறானோ என்று சந்தேகம். உண்மையைச் சொல்லு என்றேன். "அவன் சொன்னது தெம்பாத்தான் இருந்துது மாமி. இல்லேங்கல. அதுக்காவ? மேக்க கருத்துக்கிட்டு வந்தத நான் பாத்தேன். பாத்துட்டும் பாய எறக்காம ஓட்டுனது யாரு? நானு. அந்தப் பங்க அவன் எதுக்குத் தூக்கிட்டுப் போறான்?" என்றான்.

கேட்டாயா? தப்பு நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உன் தப்பு உன் தப்புதான். ஆனால் கஸ்பாரின் பங்கு, சென்னை ஆபீஸின் பங்கு, கச்சான் காற்றின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. உன் ஒரு வார்த்தையில்தான் கடலே நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாய். இதற்குப் பெயர் மனசாட்சி என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு இதில் கொஞ்சம் திமிரும் தெரிகிறது. அம்மா இப்படிச் சொல்கிறாளே என்று கோபம் வந்தால் வரட்டும். அன்றைக்குக் குழாயில் செய்ததையேதான் இப்போதும் செய்கிறாய். அசையாமல் கிடக்கிற ஒன்றில் கண்ணை வைத்துவிட்டு எடுக்க மாட்டேன் என்கிறாய். கஸ்பார் சிரிக்க ஆரம்பித்துவிட்டான், மிக்கேல் மாமா மீன் கொண்டுவந்துவிட்டார், தோணிக்குப் புது மரம் செதுக்குகிறார்கள். நீ மட்டும் அந்தச் சாயங்காலத்திலேயே நிற்கிறாய்.

உன் அப்பாவைப்பற்றி ஒன்று சொல்கிறேன். உன் ஞானஸ்நானத்துக்கு வந்துவிடுவேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனவர், கொழும்பில் கூடுதலாகச் சரக்கு கிடைக்கிறது என்று தங்கிவிட்டார். கோவிலில் உன்னை ஏந்திக்கொண்டு நான் தனியாக நின்றேன். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாக்குச் சொல்லவும் இல்லை, கோபித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகவும் இல்லை. குசினித் தரையில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். திட்டினேன், உரித்தார். அழுதேன், அதற்கும் உரித்தார். வீட்டில் இருந்த வெங்காயமெல்லாம் தீர்ந்துபோய், இனி என்னத்தை உரிக்க என்று அவர் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் இருந்த கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான், எழுந்து வேறு எங்கும் போகமாட்டார். கலியாணம் ஆன பிறகு நீயும் இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்வாய். அவளும் செய்வாள். ஒவ்வொன்றுக்கும் நீ பூனாவுக்கு ரயில் ஏறினால் ரயில்வேக்காரர்கள்தான் பிழைப்பார்கள்.

இவ்வளவு எழுதியும் முக்கியமானதற்கு இன்னும் வரவில்லை. உன் கடிதத்தை வாசித்த ஆத்திரத்தில், இனி இவனோடு மல்லுக்கட்ட முடியாது, சொன்னபடியே சாமியாரிடம் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன். கோவில் வாசல்வரை போய்விட்டேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாமியாரிடம் சொல்வது என்ன நியாயம் என்று தோன்றியது. திரும்பி மிக்கேல் வீட்டுக்குப் போனேன். கஸ்பாருக்கு வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் செசிலி சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவுக எந்த ரயிலுக்கு வாராகளாம் மாமி?" என்று கேட்டாள். கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

கஸ்பார் பாதியிலேயே, "சவத்து மூதி! இங்கன வரட்டும், இந்த நல்ல கையால நாலு சாத்துதேன்" என்று எழுந்துவிட்டான். செசிலி கடைசிவரை கேட்டாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கி, தானே ஒருமுறை வாசித்தாள். "மாமி, இதுல எங்க அண்ணன் பேரு இருக்கு. தோணி இருக்கு, பலூன் இருக்கு. என் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்ணின் நன்மைக்காக என்று எழுதியிருக்கிறாய். செசிலி என்று ஓரிடத்திலும் இல்லை. சூசை, உன்னைப் பெற்றதற்காக அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓலைய நிப்பாட்டச் சொல்லாதீங்க மாமி" என்றாள். "வாசிக்கட்டும். வேண்டாம்னா அவுக வந்து சொல்லட்டும். நான் அழ மாட்டேன், கையப் பிடிச்சி நிறுத்த மாட்டேன். ஆனா எங்க அண்ணன் கையக் காட்டி என்னைய வேண்டாம்னு சொல்லக் கூடாது. அவன் கையி அவனுது." மூன்று ஓலையும் வாசித்த பிறகு அவன் வராமல் போனால் உன் நிலைமை என்னவென்று தெரியுமாளா என்று கேட்டேன். "தெரியும்" என்றாள். மிக்கேல் மாமா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் மகளைத் தடுக்கவில்லை.

அதனால் நான் சாமியாரிடம் போகவில்லை. போகப்போவதும் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மூன்றாவது ஓலையையும் வாசித்து முடித்திருப்பார்கள். தடை தெரிந்தவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. இருக்கிற ஒருவன் பூனாவில் இருக்கிறான். அவனுக்கு வாய் இருந்தால் ரயில் ஏறி வந்து சொல்லட்டும்.

புறப்பட்டபோது செசிலி தெருவரை என்னோடு வந்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "மாமி, அவுகளுக்கு எழுதும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க. எங்க அண்ணனக் காணோம்னு அவுக பாலத்துல உக்காந்திருந்த நாளெல்லாம், நான் எங்கன நின்னேன்னு அவுகளுக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியும். மிக்கேல் மாமாவுக்குத் தெரியும். பாலத்தில் வலை காயப்போட்டவர்களுக்குக்கூடத் தெரியும். நான் சொல்லித்தர மாட்டேன். நீ ஒருமுறை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல். ஆனால் அதைத் தபாலில் எழுதாதே. வந்து, அவள் எதிரே நின்று சொல்.

அம்மா